பிளாக் மாஸ்க் (1996): எந்தப் பதிப்பு? தமிழ் சப்டைட்டில் எப்படி? வளவுக்குள் திரையிடலாமா?

மேலவளவு கேட்டது:

செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டையில் பங்காளிகள் கூடும் இரவில், வீட்டு வளவிலேயே (முற்றமும் அதைச் சுற்றிய பத்தியும்) ஒரு ஹாங்காங் படம் போட ஏற்பாடு. ஜெட் லி நடித்த பிளாக் மாஸ்க் என்று முடிவாகியிருக்கிறது. எட்டு வயசுப் பிள்ளைகளிலிருந்து எண்பது தாண்டிய ஆச்சிமார் வரை நாற்பது பேர் வரலாம்.

கையில் இரண்டு பிரதிகள் உள்ளன. ஒன்று அமெரிக்க டிஸ்க், ஆங்கில டப்பிங். இன்னொன்று கான்டனீஸ் ஒலி, படத்தின் அடியில் சீன எழுத்தும் ஆங்கிலமும் சேர்ந்தே பதிந்திருக்கிறது. தனியாக ஒரு ஆங்கில எஸ்.ஆர்.டி (சப்டைட்டில்) கோப்பும் கிடைத்தது. அது இரண்டுக்குமே பொருந்தவில்லை. போகப்போக விலகிக்கொண்டே போகிறது.

கேள்விகள்: எந்தப் பிரதியை எடுப்பது? தமிழ் சப்டைட்டில் போட்டால் டி.வியில் கட்டம் கட்டமாக வருகிறதே, அதற்கு என்ன வழி? படம் பிள்ளைகளுக்கு ஆகுமா? 3000 லூமன் புரொஜெக்டர் இருக்கிறது, முற்றத்துத் தூண்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்ட உத்தேசம். பேச்சு எதிரொலிக்கிறது, அதற்கும் யோசனை வேண்டும்.

—

டென்ட்கொட்டாய் எழுதியது:

கான்டனீஸ் பிரதியையே எடுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

ஹாங்காங்கில் படம் வந்தது 1996-இல். லெத்தல் வெப்பன் 4 (1998) மூலம் ஜெட் லி அமெரிக்காவில் தெரிந்த முகமான பிறகு, 1999-இல் இதை அங்கே தூசி தட்டி வெளியிட்டார்கள். வசனம் முழுக்க ஆங்கில டப்பிங். பின்னணி இசையை உருவிவிட்டு ஹிப்ஹாப் பாட்டுகளை ஏற்றினார்கள். இந்தப் படத்தின் சண்டைகள் மிகக் குட்டிக் குட்டி ஷாட்டுகளால் கட்டப்பட்டவை. எங்கே அடி விழுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்பதைக் காதுதான் கண்ணுக்குச் சொல்லித் தரவேண்டும். அந்த இடத்தில் சம்பந்தமில்லாத தாளம் ஓடினால் பார்ப்பவருக்குக் கணக்குத் தப்பிவிடும். ஆங்கிலப் பதிப்பை மட்டும் பார்த்தவர்கள் இதைக் குப்பை என்று தள்ளுவதற்குப் பாதிக் காரணம் அந்த ஒலித்தடம்தான்.

கான்டனீஸ்தான் அசல் என்பதற்காக உதடு கச்சிதமாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் காலத்து ஹாங்காங் படங்கள் பெரும்பாலும் படப்பிடிப்பில் ஒலி பதியாமல் எடுத்து, பிறகு குரல் சேர்த்தவை. ஜெட் லி பெய்ஜிங்காரர், பேசுவது மாண்டரின். திரையில் கேட்கும் கான்டனீஸ் வேறொருவர் குரல். ஆகவே உதடு பிசகுகிறது என்று பிளேயரில் ஆடியோ டிலேயைத் திருகாதீர்கள். ஒலி சரியா என்று பார்க்கத் துப்பாக்கிச் சூடு, கதவு அறைவது, கண்ணாடி உடைவது ஆகியவற்றை மட்டும் நம்புங்கள். அவை பொருந்தினால் கோப்பு சரி.

படத்தில் என்ன கோளாறு என்பதையும் முன்கூட்டியே சொல்லி உட்காரவைப்பது நல்லது. 701 என்ற ரகசியப் படைப்பிரிவு. அறுவை சிகிச்சையால் நரம்பை மாற்றி, வலியே தெரியாத வீரர்களை உருவாக்குகிறார்கள். அதிலிருந்து தப்பி வந்தவன் ஹாங்காங்கில் நூலகத்தில் வாயில்லாப்பூச்சியாக வேலை பார்க்கிறான். பழைய கூட்டாளிகள் நகரத்துப் போதைக் கும்பல் தலைவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்ட, இவன் முகமூடி மாட்டி இறங்குகிறான். இந்த அறிவியல் அடித்தளத்தைத் தொடக்கத்திலேயே அவசரமாகக் கொட்டிவிட்டுப் படம் ஓடிவிடுகிறது. வலி தெரியாமல் போனால் பலம் எப்படிக் கூடும் என்பதற்குப் பதில் கிடையாது. நிஜத்தில் பிறவியிலேயே வலி உணராதவர்களுக்கு அது ஆபத்து. எலும்பு முறிந்தாலும் சூடு பட்டாலும் தெரியாமல் காயம் முற்றிவிடும். அந்த ஒரு நூலை இழுத்திருந்தால் கதை எங்கேயோ போயிருக்கும்.

இரண்டாவது கோளாறு, சுருதி. நூலகத்தில் நடிகை கேரன் மோக் வரும் பகுதிகள் கலகலப்பான காதல் நகைச்சுவை. அடுத்த காட்சியில் ஒரு கும்பல் தலைவனின் மார்புக்குள் குண்டு வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். நடுவில் பாலம் இல்லை. ஃபிரான்ஸுவாஸ் யிப் நடித்த யுக்-லான் பாத்திரம் நாயகன் பயிற்சி கொடுத்த பெண். படத்திலேயே கனமான மனப்போராட்டம் அவளுக்குத்தான், ஆனால் அவளுக்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. மூன்றாவது, இயக்குநர் டேனியல் லீ கேமராவைச் சாய்த்துச் சாய்த்து வைத்து, வேகமாக வெட்டியிருக்கிறார். யுவென் வூ-பிங் அமைத்த சண்டைகளில் ஜெட் லியின் உடல் முழுசாகத் தெரிய வேண்டிய இடங்களில் பாதிதான் தெரிகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் பார்க்க வேண்டும் என்றால், முதலில் லாவ் சிங்-வான். போலீஸ் இன்ஸ்பெக்டராக அவரும் நாயகனும் சதுரங்கம் ஆடும் நட்புதான் படத்துக்கு உயிர். அப்புறம் வில்லன் தளபதி. நீள முடியும் வட்டக் கண்ணாடியுமாக வருபவர் லுங் கொங், 1960-களின் முக்கியமான கான்டனீஸ் இயக்குநர். 1967-இல் அவர் எடுத்த சிறைமீண்டவன் கதையை வைத்துத்தான் ஏ பெட்டர் டுமாரோ (1986) பிறந்தது. அந்தப் படத்தைத் தயாரித்த சுய் ஹார்க் இந்தப் படத்துக்கும் தயாரிப்பாளர். தனக்கு முந்திய தலைமுறையின் பெரியவரைக் கூட்டிவந்து வில்லன் வேடம் கட்டியிருக்கிறார். கடைசிச் சண்டையைப் பார்க்கும்போது இது மனசில் இருந்தால் ருசி கூடும். தொப்பியும் கண்மறைப்பும் 1966-இல் தி கிரீன் ஹார்னெட் தொடரில் புரூஸ் லீ மாட்டிய வேடத்தை அப்படியே நினைவூட்டுபவை.

பிள்ளைகளுக்கு ஆகாது. ரத்தம் அதிகம், வெட்டுப்பட்ட உறுப்புகள் தெரிகின்றன. நடுவில் ஓட்டிவிட்டுக் காட்டலாம் என்று நினைக்காதீர்கள், அப்படிச் செய்தால் கதையே புரியாது. அதற்குப் பதில் முன்னிரவில் பிள்ளைகளுக்கும் ஆச்சிமாருக்கும் 1987-இல் வந்த தி லெஜண்ட் ஆஃப் வைஸ்லி போடுங்கள். டெடி ராபின் இயக்கம், சாம் ஹுய் நாயகன், டி லுங், ஜோயி வோங் உடன் நடிப்பு. நி குவாங் 1963 முதல் மிங் பாவ் பத்திரிகையில் எழுதிய அறிவியல் சாகசத் தொடரின் நாயகன்தான் வைஸ்லி. நேபாளத்து நாகமுத்து ஒன்று, அதைத் தேடி ஓட்டம், முடிவில் அந்த முத்துக்கும் விண்கலத்துக்கும் முடிச்சு. இதிலும் ஓட்டைகள் உண்டு, விளக்கமெல்லாம் கடைசியில் மூச்சுத் திணறத் திணற வருகிறது. ஆனால் பெரியவர் சிறியவர் சேர்ந்து பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: அதே வைஸ்லி பாத்திரம் வருகிறதே என்று 1986-இன் தி செவன்த் கர்ஸ் படத்தைத் தவறிப் போட்டுவிடாதீர்கள். அதில் சோ யுன்-ஃபாட் பைப் பிடித்துக்கொண்டு சில காட்சிகளில் வருவார், மற்றதெல்லாம் கோரம்.

—

ஒற்றைக்கொம்பு எழுதியது:

சப்டைட்டிலுக்கு நான் சொல்றேன்.

விலகல் ரெண்டு வகை. முதல் வசனத்துலயும் கடைசி வசனத்துலயும் எத்தனை செகண்டு பிசகுதுன்னு குறிச்சுக்குங்க. ரெண்டும் ஒரே அளவுன்னா வெறும் நகர்த்தல், வி.எல்.சி பிளேயர்ல ஜி, எச் பொத்தான்ல 50 மில்லிசெகண்டா நகர்த்திச் சரிபண்ணலாம். பிசகு சீரா வளர்ந்துகிட்டே போனா ஃபிரேம் வேகம் வேற. ஐரோப்பிய டி.வி முறையான பால் (PAL) டிஸ்க்ல 24 ஃபிரேம் படத்தை 25-ஆ ஓட்டுவாங்க. அந்த டிஸ்க்குக்குப் போட்ட எஸ்.ஆர்.டி உங்க 23.976 பிரதியில 10 நிமிஷத்துக்கு 25 செகண்டு கணக்குல முந்திக்கிட்டே போகும். ஒரு மணி நேரத்துல ரெண்டரை நிமிஷம். மருந்து: எல்லா நேரத்தையும் 1.0427 ஆல் பெருக்கணும். சப்டைட்டில் எடிட்ங்கிற மென்பொருள்ல ஃபிரேம் வேகம் மாத்துற இடத்துல 25-லேர்ந்து 23.976-னு குடுத்தா அதுவே பண்ணிரும். அமெரிக்க டிஸ்க் 29.97-னு காட்டினா பதறாதீங்க. அதுல படத்தோட நீளம் 23.976 பிரதியோட நீளம்தான், பெருக்கத் தேவையில்லை.

அடுத்தது, அந்த ஆங்கில எஸ்.ஆர்.டியோட பூர்வீகம். நிறைய டிஸ்க்ல ஆங்கில டப்பிங் வசனத்தையே அப்படியே சப்டைட்டிலா போட்டுருப்பாங்க. கண்டுபிடிக்க வழி: வாய் மூணு அசை பேசி நிறுத்தியிருக்கும், எழுத்து ரெண்டு வரி ஓடும். யாருமே வாய் தொறக்காத இடத்துலயும் வசனம் வரும். நாயகன் பேரு கான்டனீஸ்ல சோய் ஜிக், ஆனா எழுத்துல மைக்கேல்னோ சைமன்னோ இருக்கும். அப்படி இருந்தா அதைக் காலக்குறியீட்டுக்கு மட்டும் வச்சுக்கிட்டு, பொருளை உங்க பிரதியில பதிஞ்சிருக்கிற ஆங்கிலத்துலேர்ந்து எடுங்க. இலக்கணம் தப்பும் தவறுமா இருந்தாலும் அதுதான் அசல் வசனத்துக்குக் கிட்ட நிக்கும்.

தமிழ்ல எழுதும்போது வரிக்கு 35 எழுத்து, ரெண்டு வரிக்கு மேல வேண்டாம். ஒரு செகண்டுக்குக் குறைஞ்சு எதுவும் நிக்கக் கூடாது. செகண்டுக்கு 12 எழுத்துக்கு மேல போனா ஆச்சிமாருக்கு எட்டாது. கான்டனீஸ் ஓரசைச் சொல் மொழி, நாம நாலசையில சொல்றதை அவன் ஒண்ணுல முடிச்சுருவான். போலீஸ் துப்பாக்கியை நீட்டி "ம் ஹோ யுக்" அப்படிம்பான். அசையாதேன்னு அர்த்தம். அங்க "தயவுசெய்து அசையாமல் நில்லுங்கள்"னு எழுதினா ஆள் சுட்டே முடிச்சிருப்பான். "அசையாதே!" போதும். "ஜாவ்"னா ஓடுன்னும் வரும், கிளம்புன்னும் வரும். யார் துரத்துறாங்கன்னு பார்த்து முடிவு பண்ணுங்க.

கூப்பிடுற முறையில நமக்கு ஒரு லாபம் இருக்கு. "தாய்லோ"ன்னா கூடப்பொறந்த மூத்தவனும் அதான், கும்பல் தலைவனும் அதான். ஆங்கிலக்காரன் ஒரு இடத்துல சகோதரன்னும் இன்னொரு இடத்துல முதலாளின்னும் பிரிச்சுப் போட்டுத் தவிக்கிறான். நமக்கு "அண்ணே" ஒண்ணு போதும், ரெண்டையும் தாங்கும். போலீஸ் அதிகாரியை "ஆ சேர்"னு கூப்பிடுவாங்க. அது ஆங்கில சொல்லேதான், அதனால "ஐயா" வேண்டாம், "சார்"னே போடுங்க. வாக்கியக் கடைசியில வர்ற "லா"வை மொழிபெயர்க்க மெனக்கெடாதீங்க. ஈப்போவுலயும் கோலாலம்பூர்லயும் கொண்டுவிக்க (தொழில் பண்ண) போயிருந்த குடும்பங்கள்ல அந்த "லா" காதுக்குப் பழகினதுதான், பெரியவங்க சொல்லாமலே பிடிச்சுக்குவாங்க.

கட்டம் கட்டமா வர்றதுக்குக் காரணம் ரெண்டு. கோப்பை யூ.டி.எஃப்-8 எழுத்துக் குறியாக்கத்துல சேமிக்கலை, இல்லைன்னா டி.வியில தமிழ் எழுத்துருவே இல்லை. முதலாவதைத் திருத்தலாம், ரெண்டாவதை ஒண்ணும் பண்ண முடியாது. இதைவிட மோசம், எழுத்து வரும் ஆனா கோத்து வராது. "கொடு"ங்கிறதுல ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னாடி போய் நிக்கும். அதனால படத்தோடயே பதிச்சுருங்க. ஹேண்ட்பிரேக்ங்கிற வீடியோ மாத்துற மென்பொருள்ல சப்டைட்டில் பகுதியில எஸ்.ஆர்.டியை ஏத்தி, பதிவுக்கான கட்டத்துல டிக் பண்ணணும். தரம் ஆர்.எஃப் 18 அல்லது 20, ஃபிரேம் வேகம் மூலத்துல உள்ளபடியே. எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் தடிமன், இதைக் கீழ சொல்ற ஏ.எஸ்.எஸ் பாணியில குறிங்க. முழுப் படத்தையும் ஓட்டறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷத் துண்டு ஒண்ணு பதிச்சு, அதுல "கொண்டுபோய்க் கொடுத்தான்"னு ஒரு வரி போட்டுப் பாருங்க. அது சரியா கோத்து வந்தா எல்லாமே வரும்.

உங்க பிரதியில அடியில ஏற்கெனவே சீனமும் ஆங்கிலமும் இருக்கிறதால தமிழை அதுக்கு மேல அப்பினா மூணும் கெட்டுரும். எழுத்தோட பாணியையும் சேர்த்து வச்சுக்கிற ஏ.எஸ்.எஸ் வடிவத்துக்குக் கோப்பை மாத்தி, எழுத்துக்குப் பின்னால கறுப்புப் பட்டை வர்ற பாணியைத் தேர்ந்தெடுத்து, பழைய எழுத்தை மூடுங்க. மேல கொண்டுபோய் வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. இந்தப் படத்துல முகங்கள் சட்டத்தோட மேல்பாதியில இருக்கு, மறைச்சுரும்.

—

மேலவளவு மறுபடி கேட்டது:

ரொம்ப நன்றிண்ணே. 1.0427 போட்டதும் சீராகிவிட்டது, ஆனால் முழுக்க இல்லை. 19-ஆவது நிமிஷம் வரை அச்சாகப் பொருந்துகிறது. அதன்பின் திடீரென்று சப்டைட்டில் 4 செகண்டு தாமதம், அப்படியே ஓடுகிறது. 38-ஆவது நிமிஷம் தாண்டி மறுபடியும் 3 செகண்டு கூடுகிறது. பெருக்கும் எண்ணை மாற்ற வேண்டுமா?

—

ஒற்றைக்கொம்பு எழுதியது:

எண்ணைத் தொடாதீங்க தம்பி. இது ரீல் முனை. 2000 அடி ரீல் 24 ஃபிரேம் வேகத்துல 22 நிமிஷம் ஓடும், நிறைய ரீல் அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே முடியும். தியேட்டர்ல ஓடி ஓடி ரீலோட தலையும் வாலும் கிழிஞ்சு, வெட்டி ஒட்டி ஒட்டிக் குறையும். உங்க பிரதி அப்படிப்பட்ட பிரிண்ட்லேர்ந்து வந்திருக்கு. 19, 38-னு இடைவெளி சொல்றதே அதான். சப்டைட்டில் பிந்துதுன்னா உங்க பிரதியில துண்டு குறையுது, முந்துச்சுன்னா உங்ககிட்ட அதிகம் இருக்கு. குதிக்கிற இடத்து முதல் வரியைத் தேர்ந்து, அந்த வரியும் அதுக்குப் பின்னாடி உள்ளதும்னு குடுத்து 4 செகண்டு முந்தி வர்ற மாதிரி தள்ளுங்க. அடுத்த இடத்துல 3. மூணாவது ரீல் முனையையும் பார்த்துருங்க. குதிப்பு ரீல் முனையில இல்லாம ஒரு வன்முறைக் காட்சி நடுவுல வந்தா அது தணிக்கை வெட்டு, அமெரிக்க டிஸ்க்கோட ஒப்பிட்டா எது போச்சுன்னு தெரியும்.

—

தூண்வரிசை எழுதியது:

திரையிடல் பற்றி. வளவு முற்றம் மேலே திறந்தது, ஜனவரியில் எட்டு மணிக்கு மேல் பனி இறங்கும். புரொஜெக்டரையும் மின்கம்பிப் பெட்டியையும் முற்றத்தில் வைக்காமல் பத்திக்குள், ஓட்டுக் கூரைக்கு அடியில் வையுங்கள். லென்ஸில் பனி பூத்தால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் ஓடவிட்டால் சூட்டிலேயே போய்விடும்.

3000 லூமனுக்கு 120 அங்குலத் திரை தாராளம்: 2.66 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம். புரொஜெக்டரின் எறிவு விகிதம் (தூரத்தைத் திரை அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் திரையிலிருந்து 4 மீட்டர். துணியை இரண்டு தேக்குத் தூண்களுக்கு நடுவே கட்டும்போது ஒற்றை வேட்டி போதாது, ஒளி பின்பக்கம் கசிந்து படம் வெளிறும். இரட்டை மடிப்பாக்கி, அடிவிளிம்பில் ஒரு மூங்கிலைக் கோத்துத் தொங்கவிட்டால் காற்றில் ஆடாது. இந்தப் படம் நீலமும் இருட்டுமாக எடுத்தது. புரொஜெக்டரில் பளிச் நிறப் பாணியைப் போட்டால் கறுப்பெல்லாம் ஒரே குழம்பாகிவிடும். சினிமா பாணி வைத்து, காமாவை (இருட்டுப் பகுதியைத் தெளிவாக்கும் அளவு) ஒரு படி மட்டும் ஏற்றுங்கள். பட்டாலையில் எரியும் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், மற்றதைவிட அது பெரிய கெடுதல்.

எதிரொலிக்குக் காரணம் சுவரும் தரையும். கண்ணாடி மாதிரி மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, இரண்டுமே ஒலியை விழுங்காது. தரை முழுக்க ஜமக்காளம் விரியுங்கள், திரைக்கு எதிர்ச்சுவரில் கனமான கம்பளிப் போர்வை மூன்று நான்கு தொங்கவிடுங்கள். ஆள் நிறைந்ததும் பாதி எதிரொலி தானாகவே அடங்கும், ஆகவே காலி வளவில் வைத்த ஒலியளவை நம்ப வேண்டாம். வைஸ்லி படத்துக்கு இரண்டு பக்கமும் பெரிய பெட்டி வைக்காதீர்கள், அது மோனோ ஒலி. திரைக்கு நேர் கீழே ஒரே பெட்டி, உட்காருபவர் காது உயரத்தில் வைத்தால் பேச்சு தெளியும். பிளாக் மாஸ்குக்கு இரண்டு பெட்டி, ஆனால் திரையோரத்தை ஒட்டியே.

நேரம் இப்படி வைக்கலாம்: ஆறே முக்காலுக்கு நன்றாக இருட்டிவிடும், வைஸ்லி தொடங்கலாம். சாப்பாடு முடிந்து பிள்ளைகளை இரண்டாம் கட்டுக்கு அனுப்பிவிட்டு ஒன்பதரைக்கு முகமூடி.

—

டென்ட்கொட்டாய் எழுதியது:

தூண்வரிசை சொன்னதில் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். மின்சாரம் போனால் விளக்குப் புரொஜெக்டர் குளிராமல் சட்டென்று அணையும், பல்ப் ஆயுசுக்கு அது கேடு. கம்ப்யூட்டர் யு.பி.எஸ் ஒன்றை நடுவில் மாட்டுங்கள், விசிறி ஓட இரண்டு நிமிடம் தாங்கினால் போதும். வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால் ஸ்பீக்கரில் ரீங்காரம் கேட்கும், ஆம்ப்ளிஃபயரை அதில் மாட்டாதீர்கள். படம் முடிந்ததும் யாராவது மெயின் சுவிட்சைப் பட்டென்று அணைக்கப் போவார்கள், கடைசிப் பெயர்ப்பட்டியல் ஓடும்போதே புரொஜெக்டர் பக்கத்தில் ஒரு ஆளை உட்காரவையுங்கள்.